சாக்ஸ் கழற்றாத ஞாயிறு

எங்கள் சபையில் வருஷத்துக்கு ஒரு முறை, ஜூன் மாதத்தில், ஒருவர் பாதத்தை ஒருவர் கழுவுவோம். ஆண்கள் ஆண்களுக்கு, பெண்கள் பெண்களுக்கு. இந்த வருஷம் நான் சாக்ஸைக் கழற்றவில்லை. திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் எங்கள் ஓடையோர ஊர் முழுக்க விஷயம் பரவிவிட்டது. எங்கள் நிலக்கரி மலைப் பள்ளத்தாக்கில் செல்போனுக்குச் சிக்னல் கிடையாது. இந்த மாதிரி சமாச்சாரத்துக்கு அது தேவையும் இல்லை.

வெளியூர்க்காரன் கேட்டால் சிரிப்பான், சாக்ஸ் கழற்றாதது ஒரு குற்றமா என்று. எங்களுக்கு அது குற்றத்தைவிட மோசம். யார்மேலாவது கசப்பை வைத்துக்கொண்டு அந்தத் தண்ணீரில் பாதத்தை நனைக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். ஆகவே பாதத்தை நீட்டாதவன் மனசில் கசப்பு இருக்கிறது. எனக்கு எதிரே மண்டியிட்டவன் எஸ்டில். ஆகவே ஹோபர்ட்டுக்கு, அதாவது எனக்கு, எஸ்டில்மேல் ஏதோ தீராத பகை. ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது.

எஸ்டில்மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. என் காலில் சேற்றுப்புண். அவ்வளவுதான் விஷயம்.

எஸ்டிலும் நானும் இளவட்டமாக இருந்தபோது ஒரே வாரத்தில் சுரங்கத்துக்குள் போனவர்கள். எங்கள் பக்கத்தில் நிலக்கரி இடுப்பளவு உயரத்துக்குத்தான் படிந்திருக்கும். அதனால் நாள் முழுக்க முழங்காலில் நின்றுதான் வேலை. கூரை இறங்காமலிருக்க அவன் கூரைப்பாறைக்குள் நீள ஆணிகளை ஏற்றுவான், நான் பக்கத்தில் மரக்கட்டையால் முட்டுக் கொடுப்பேன். கீழே எப்போதும் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரும் எங்கள் வேர்வையும் சேர்ந்து ரப்பர் பூட்ஸுக்குள் ஊறிக்கொண்டே இருக்கும். வேலை முடிந்து மேலே வந்து எல்லோரும் ஒரே கொட்டகையில் ஒரே ஈரத்தரையில் நின்று குளிப்போம். சேற்றுப்புண் இல்லாத ஆள் எங்கள் ஷிப்டில் கிடையாது. அதற்குத் தனியாகப் பெயர்கூட வைக்கவில்லை. “இன்னிக்கி கால் எப்படி?” என்று கேட்டால் அதைத்தான் கேட்கிறார்கள் என்று அர்த்தம்.

ஓனாவைக் கட்டிக்கொண்ட கொஞ்ச காலத்தில் எனக்கு மட்டும் அது போய்விட்டது. மற்றவர்கள் காலைச் சொறிந்துகொண்டிருக்கும்போது நான் ஜம்பமாக உட்கார்ந்திருப்பேன். என் உடம்பு வாகு அப்படி என்று நினைத்துக்கொண்டேன். எஸ்டிலிடம் பீற்றிக்கொண்டதும் உண்டு. அவன் என் காலைப் பார்த்துவிட்டு, இது சுரங்கத்துக்காரன் கால் இல்லை, பாதிரியார் கால் என்பான்.

ஓனா போன வருஷம் பிப்ரவரியில் இறந்துபோனாள். ஆஸ்பத்திரியில், ஒரு மத்தியான நேரத்தில், தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று எஸ்டில் வந்து என்னை எழுப்பிச் சொன்னான். நான் அறைக்கு வெளியே வராந்தாவில் நாற்காலியில் அசந்து தூங்கிவிட்டிருந்தேன்.

அதற்குப் பிறகு என்னை யாரும் தொடுவதில்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். சபையில் கைகுலுக்குவார்கள், சபைப் பெரியவர்களான இரண்டு மூப்பர்கள் கட்டியும் பிடிப்பார்கள். அதெல்லாம் வந்தவனுக்குக் கதவைத் திறந்து மூடுவது மாதிரி. என் மகள் டானெட்டா ஒஹையோவில் இருக்கிறாள். ஞாயிறு சாயங்காலம் வீட்டுப் போனில் கூப்பிட்டு, சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்பேன். பீன்ஸும் சோள ரொட்டியும், ஒரு சட்டி வைத்தால் வாரம் முழுக்க வரும். பிறகு அடுத்த ஞாயிறுவரை நான் பேசுகிற பேச்செல்லாம் டிவிக்காரனோடுதான். அவனும் பதில் சொல்வதில்லை.

போன வருஷ ஜூனில் எஸ்டில் என் எதிரே மண்டியிட்டு, என் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தண்ணீருக்குள் வைத்தான். முப்பது வருஷமாக அவன்தான் எனக்குக் கழுவுகிறான், நான்தான் அவனுக்கு. எப்போதும் ஏதாவது கிண்டலடிப்பான். எங்கள் ஊரில் பாதம் கழுவப் போகிறவன் முதல் நாளே வீட்டில் தேய்த்துக் கழுவி, நகம் வெட்டி, புது சாக்ஸ் போட்டுக்கொண்டு வருவான். கழுவ அங்கே எதுவும் மிச்சம் இருக்காது. “இந்தக் கால்ல என்னத்தக் கழுவ, பவுடர்தான் போகும்” என்று அவன் முணுமுணுப்பான், எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருக்கும். போன வருஷம் அவன் ஒன்றும் சொல்லவில்லை. என் பாதம் அவன் கையில் இருந்தது. நான் அழுதேன், எல்லோர் முன்னாலும் அழுதேன். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, வருஷத்துக்கு ஒரு முறை ஒரு மனிதன் என் காலைப் பிடிப்பான், மிச்ச நாளெல்லாம் அதை வைத்து ஓட்ட வேண்டும் என்று.

அந்த இலையுதிர் காலத்தில் அரிப்பு தொடங்கியது. சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில். சொறிந்தால் சுகமாக இருந்தது, அதனால் சொறிந்தேன். தோல் வெள்ளையாக ஊறிப்போய் உரிந்தது. கிறிஸ்துமஸுக்குள் அது வெடித்து நடக்கும்போது சுரீரென்றது. நாற்றமும் வந்தது. சுரங்கத்தில் ஒரு கிழவன் செய்வானே என்று நினைவு வந்து, பிளீச்சிங் ஊற்றிய தண்ணீரில் காலை வைத்தேன். தோல் வெந்துபோனதுதான் மிச்சம். பிறகு ஓனாவின் மருந்துப் பெட்டியில் அரிப்புக்கென்று ஒரு டியூப் இருந்தது. அவள் கையில் தடிப்பு வந்தபோது டாக்டர் கொடுத்தது. அதைத் தடவினேன். அரிப்பு உடனே அடங்கியது, அதில் எனக்கு ஒரே சந்தோஷம். அடங்கினது அரிப்பு மட்டும்தான். புண் பாதத்தின் அடிப்பக்கமாக ஊர்ந்து குதிகால்வரை போய்விட்டது.

இந்தக் காலோடுதான் ஜூன் ஞாயிறு சபைக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் போகாமல் இருக்க முடியவில்லை. உள்ளே மனசு, எப்படியாவது நடந்துவிடும், புண்ணெல்லாம் ஒரு ராத்திரியில் ஆறிவிடும் என்று குழந்தைத்தனமாக நம்பிக்கொண்டிருந்தது.

இராப்போஜனத்து ரொட்டியும் திராட்சை ரசமும் முடிந்தது. சபையை நடத்துகிற கிழவர், மூப்பர் எல்சி, பாட்டை வரிவரியாக எடுத்துக் கொடுக்க, சபை பின்னாலேயே பாடியது. பேசின்கள் வந்தன. எஸ்டில் நீளத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டான். அந்தத் துண்டுதான் எங்கள் வரிசை முழுக்கப் போகும். ஒருவன் துடைத்துவிட்டு அவிழ்த்துக் கொடுத்தால் அடுத்தவன் கட்டிக்கொள்வான். அந்தத் துண்டைப் பார்த்தேன். எங்களுக்கு அடுத்து உட்கார்ந்திருந்த சர்க்கரை வியாதிக்காரர் காலைப் பார்த்தேன். ஏற்கெனவே ஒரு விரலை எடுத்திருந்தார்கள் அவருக்கு.

எஸ்டில் மண்டியிட்டு என் ஷூவின் கயிற்றில் கை வைத்தான். நான் குனிந்து அவன் கையை நகர்த்தினேன்.

“இன்னிக்கி வேணாம்” என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். கிண்டல் என்று நினைத்திருப்பான். என் முகத்தில் அது இல்லை. பிறகு பேசினை எடுத்துக்கொண்டு அடுத்தவரிடம் நகர்ந்தான். பாட்டு நிற்கவில்லை, ஆனால் எங்கள் வரிசையில் பாடிய குரல்கள் மெல்ல இறங்கின. அவன் காதில் குனிந்து, கால்ல புண்ணுடா என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். வரவில்லை. அத்தனை பேர் நடுவில், அந்தப் பாட்டுக்கு நடுவில், என் காலின் நாற்றத்தைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. வெளியே மரத்தடியில் சாப்பாடு பரிமாறும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சாப்பாட்டுக்கு நிற்கவும் தைரியம் வரவில்லை.

எஸ்டில் தினமும் என் வீட்டைத் தாண்டித்தான் கடைக்குப் போவான். தாண்டும்போது ஹாரனை இரண்டு தரம் அடிப்பான். நான் எங்கே இருந்தாலும் கையைத் தூக்குவேன், அவனுக்குத் தெரியாவிட்டாலும் தூக்குவேன். அந்தத் திங்கட்கிழமை வண்டி சத்தமில்லாமல் போனது. செவ்வாயும் அப்படித்தான். ஒரு ஹாரன் சத்தம் இல்லாமல் போனால் ஒரு நாள் எவ்வளவு நீளமாகும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மூப்பர் எல்சி ஒரு நாள் வந்தார். சமையலறையில் உட்கார்ந்து காப்பி குடித்தார். மழையைப் பற்றி, தக்காளியைப் பற்றி, கடைசியாக மன்னிப்பதைப் பற்றிப் பேசினார். எனக்கும் எஸ்டிலுக்கும் நடுவில் என்ன இருந்தாலும் சூரியன் அஸ்தமிப்பதற்குள் பேசித் தீர்க்க வேண்டும் என்றார். ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லாததற்கா ஒரு மனிதன் காலை இழுத்துக்கொள்வான் என்று கேட்டார். எண்பது வயதுப் பெரியவர், என்னை ஓடைத் தண்ணீரில் முக்கி ஞானஸ்நானம் கொடுத்தவர். அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல முடியாததற்கு இன்னொரு காரணமும் அப்போது சேர்ந்திருந்தது. அரிப்பு காலை விட்டு மேலே ஏறி, தொடையிடுக்குக்கு வந்துவிட்டிருந்தது. எதிரே காப்பி குடிக்கிற மூப்பரைப் பார்த்துக்கொண்டு, சொறியாமல் உட்கார்ந்திருப்பதே எனக்குப் பெரிய தவமாக இருந்தது.

அது தாங்காமல்தான் டவுனில் இருந்த கிளினிக்குக்குப் போனேன். அங்கே டாக்டருக்குப் பதில் ஒரு நர்ஸம்மா, வடக்கே நகரத்திலிருந்து வந்தவள், எங்கள் மலைப் பேச்சு கிடையாது. காலைப் பார்த்ததும் முகம் சுளிக்கவில்லை, அதற்கு அவளுக்குப் புண்ணியம். இது பூஞ்சை, ஈரமும் சூடும் இருந்தால் போதும், வளரும் என்றாள். நான் தடவின அந்த டியூப்பைக் காட்டியதும் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. அது தடிப்புக்கான மருந்து, பூஞ்சைக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது என்றாள். வேறு களிம்பு எழுதினாள். காலையும் மாலையும், புண்ணைத் தாண்டி நல்ல தோலிலும் கொஞ்சம் தடவ வேண்டும். அரிப்பு நின்றுவிட்டது என்று நிறுத்தினால் திரும்ப வரும். தோல் முழுசாகத் தேறின பிறகும் இரண்டு வாரம் விடாமல் தடவ வேண்டும்.

பிறகு வீட்டில் என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தாள். காலுக்குத் தனித் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். குளித்த பிறகு விரலிடுக்கை ஒவ்வொன்றாகத் துடையுங்கள். சாக்ஸைத் தனியாக வெந்நீரில் துவையுங்கள். ஒரே பூட்ஸைத் தினமும் போடாதீர்கள், இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிக் காய விடுங்கள். உள்ளே பவுடர் தூவுங்கள். கடைசியாக, உடுத்தும்போது முதலில் சாக்ஸ், அப்புறம்தான் ஜட்டி. இல்லாவிட்டால் ஜட்டியில் காலை நுழைக்கும்போது பூஞ்சை அதில் ஒட்டிக்கொண்டு மேலே வந்துவிடும்.

நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தேன். எங்கள் வீட்டில் தலைக்குப் பச்சைத் துண்டு, காலுக்கு வெள்ளைத் துண்டு. மாற்றி எடுத்தால் ஓனா கத்துவாள். அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் அவளே ஆணி அடித்து, ஒரு ஜோடி பூட்ஸைத் தலைகீழாக மாட்டியிருப்பாள். நான் போட்டுக்கொள்வது எப்போதும் மற்ற ஜோடியைத்தான். காலையில் கட்டிலில் என் துணியை அவள் எடுத்து வைக்கும்போது மேலே சாக்ஸ் இருக்கும், அதற்கடியில்தான் மற்றதெல்லாம். நான் அவசரத்தில் ஜட்டியை உருவினால் கையில் தட்டுவாள். “சாக்ஸ்தான்யா முதல்ல” என்பாள். வெறும் சாக்ஸோடு கட்டிலோரம் நிற்கிற என்னைப் பார்த்துச் சிரிப்பாள். சனிக்கிழமை சாயங்காலம் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, என் காலை மடியில் வைத்து, ஊர்க்கதை பேசிக்கொண்டே விரலிடுக்கில் எதையோ தடவுவாள். பாத வெடிப்புக்கு என்று நினைத்தேன். சும்மா பாசம் என்றும் நினைத்தேன்.

ஆக எனக்குச் சேற்றுப்புண் போகவே இல்லை. முப்பது வருஷமாக அவள் அதை எல்லையிலேயே நிறுத்தி வைத்திருந்தாள். உங்களுக்கு இதைக் கேட்டுக் கண் கலங்கலாம். எனக்கு அன்று கோபம்தான் வந்தது. இத்தனை செய்தவள் எதற்காகச் செய்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் ஜம்பமடித்தபோதெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதானே இருந்தாள். அவள் போனதும் பச்சைத் துண்டும் வெள்ளைத் துண்டும் ஒன்றாகிவிட்டன. ஆணியில் பூட்ஸ் இல்லை. காலையில் எது கையில் கிடைக்கிறதோ அதை முதலில் போட்டுக்கொண்டேன். அப்படித்தான் தனியாக இருக்கிறவன் உடுத்துவான்.

ஆகஸ்டில் எஸ்டில் வந்தான். நான் பின்கட்டில் வெறுங்கால்களை நீட்டிப் போட்டு, களிம்பு தடவி, வெயில் காட்டிக்கொண்டிருந்தேன். வண்டிச் சத்தம் கேட்டதும் அடித்துப் பிடித்து சாக்ஸை மாட்டிக்கொண்டேன். அவன் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகவே வந்தான். தொப்பி கையில் இருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“உனக்கு யாரு சொன்னா?” என்றான்.

“எத?”

“எதன்னு கேக்காத, ஹோபர்ட். தெரிஞ்சுதானே நீ அன்னிக்கி காலை எடுத்துக்கிட்ட. என் பொண்டாட்டி லூடி சொல்லியிருக்க மாட்டா, அவகிட்டயே நான் அதச் சொன்னதில்ல. ஆஸ்பத்திரில இருந்த அந்த நர்ஸ் பொண்ணா?”

அந்த இடத்தில் நான் காலைக் காட்டியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரி என்ற வார்த்தை என்னைக் கட்டிப்போட்டுவிட்டது. நான் பேசாதது அவனுக்குப் போதுமாக இருந்தது.

“ரெண்டு நாளா நீ கண்ணு மூடல. அன்னிக்கி மத்தியானம்தான் நாற்காலில சாஞ்ச. நான் உள்ள அவ பக்கத்துல உக்காந்திருந்தேன். அவ முழிச்சா. ஹோபர்ட் எங்கன்னு கேட்டா. எழுப்பட்டுமான்னேன். கொஞ்சம் யோசிச்சா. வேணாம், தூங்கட்டும்னா.” தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தான். “அப்புறம் திரும்பவும் கேட்டா. அப்ப நான் எழுப்பியிருக்கணும். எந்திரிச்சுக் கதவு வரைக்கும் வந்தேன். நீ வாயத் தொறந்துக்கிட்டுக் கெடந்த, செத்தவன் மாதிரி. மனசு வரல. நாளைக்கி வரைக்கும் தாங்கும்னுதானே டாக்டர் சொல்லியிருந்தாரு. நேரம் இருக்குன்னு நெனச்சேன். திரும்பி உள்ள போனா, மூச்சு இல்ல.”

“தூக்கத்துல போயிட்டான்னு சொன்ன.”

“சொன்னேன்.”

வேறெதாவது சொன்னாளா என்று கேட்டேன். அர்த்தமாக ஒன்றும் சொல்லவில்லை, மருந்து மயக்கத்தில் இருந்தாள் என்றான்.

“என்ன சொன்னா, எஸ்டில்?”

அவன் தரையைப் பார்த்தான். “சாக்ஸ் முதல்ல போடச் சொல்லுன்னா. விரலிடுக்க நல்லாத் தொடைக்கச் சொல்லுன்னா. அதையே ரெண்டு தடவ சொன்னா. இத எப்படிய்யா உங்கிட்ட வந்து சொல்றது? பொண்டாட்டி கடைசியா என்ன சொன்னான்னு நீ கேட்டா, சாக்ஸுன்னா சொல்றது?”

நான் குனிந்து சாக்ஸை உருவினேன், இரண்டு காலிலும். களிம்பு வெள்ளையாக அப்பியிருந்தது, அதற்கடியில் வெடிப்பு சிவப்பாகத் தெரிந்தது. அவன் பார்த்தான். சுரங்கத்துக்காரன், பார்த்ததுமே அது என்னவென்று அவனுக்குத் தெரியும்.

“இதுக்கா?” என்றான்.

“உன் துண்டு வரிசை முழுக்கப் போகும்.”

அவன் உதடு சிரிப்பதற்காகக் கோணியது. பாதியில் நின்றுவிட்டது. அவன் மனசில் என்ன ஓடியதென்று எனக்கு முகத்திலேயே தெரிந்தது. ஆஸ்பத்திரி விஷயத்தை அவன் இங்கே வந்து சொல்லியிருக்கவே வேண்டியதில்லை.

“அப்ப உனக்குத் தெரியாது.”

“இப்பத் தெரியும்” என்றேன். “நீ போ, எஸ்டில்.”

போனான். இல்லாத பகைக்கு இரண்டு மாசம் ஊர் என்னைப் பார்த்து முணுமுணுத்தது. இப்போது நிஜமாகவே பகை வந்து வீட்டில் உட்கார்ந்துகொண்டது. அதை யாருக்கும் சொல்ல முடியாது.

காலையும் மாலையும் களிம்பு தடவினேன். ஓனா ஆணி அடித்த இடத்தில் பூட்ஸைத் தலைகீழாக மாட்டினேன். வெள்ளைத் துண்டைத் தேடி எடுத்து வெந்நீரில் போட்டேன். கட்டிலில் சாக்ஸை மேலே வைத்தேன். எல்லாவற்றையும் கோபத்தோடுதான் செய்தேன். அவள் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள், நான் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அவன் இடத்தில் நான் இருந்தால் நானும் எழுப்பியிருக்க மாட்டேன் என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். அது பொய். நான் எழுப்பியிருப்பேன். உலுக்கி எழுப்பியிருப்பேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் இன்னொன்றும் இருந்தது. சாக்ஸை இழுத்து மாட்டும்போதெல்லாம் அவள் குரல் கேட்டது. முன்பு கேட்ட குரல் பழைய நாட்களில் கட்டிலோரம் நின்று சிரிக்கிற குரல். இப்போது கேட்பது அந்த மத்தியானத்துக் குரல், கடைசி மூச்சிலும் என் விரலிடுக்கைப் பற்றிக் கவலைப்படுகிற குரல். அதை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தவன் அவன்தான். அவன் வாயிலிருந்துதான் எனக்கு அது கிடைத்தது. வேறு எங்கேயும் அது இல்லை. எஸ்டில் இல்லாவிட்டால் அந்த அறையில் அவளோடு யாருமே இருந்திருக்க மாட்டார்கள்.

ஒரு ஞாயிறு டானெட்டா கூப்பிட்டபோது, உங்கம்மா எனக்கு ஏன் சாக்ஸை முதலில் போடச் சொன்னாள் தெரியுமா என்று கேட்டேன். தெரியும்ப்பா, எங்க எல்லாருக்கும் தெரியும் என்றாள்.

செப்டம்பர் நடுவில் அரிப்பு நின்றது. பழைய ஹோபர்ட்டாக இருந்தால் டியூப்பைத் தூக்கிப் போட்டிருப்பேன். விடாமல் தடவினேன். அக்டோபரில் தோல் வழவழப்பாகிவிட்டது, பாதிரியார் கால் மறுபடி வந்துவிட்டது. அதைப் பார்த்துக் கிண்டல் செய்ய ஆள்தான் இல்லை.

மலைக்கு அந்தப் பக்கம், லாரல் ஓடைச் சபையில் பாதம் கழுவும் ஞாயிறு அக்டோபர் கடைசியில்தான் வரும். எங்கள் சபையாரும் போவார்கள். நானும் போனேன். ஓனாவின் வெள்ளைத் துண்டை மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். உள்ளே நுழைந்ததும் தலைகள் திரும்பின. எஸ்டில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தது. யாரும் அங்கே உட்காரத் துணியவில்லை என்று நினைக்கிறேன். நான் போய் உட்கார்ந்தேன். அவன் திரும்பவில்லை.

மனசில் கசப்பு முழுக்கப் போய்விட்டதா என்று மூப்பர் எல்சி கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. பாட்டு எழும்பியது, பேசின்கள் வந்தன. எஸ்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். நான் குனிந்து ஷூவைக் கழற்றினேன். சாக்ஸைக் கழற்றினேன். வெறும் பாதம் பலகைத் தரையில் பட்டதும் சில்லென்றது. வெள்ளைத் துண்டை எடுத்து அவன் மடியில் வைத்தேன்.

அவன் சபைத் துண்டைக் கட்டிக்கொள்ளவில்லை. என் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மண்டியிட்டான். வழக்கத்துக்கு விரோதம்தான், யாரும் எதுவும் சொல்லவில்லை. என் பாதத்தைத் தண்ணீரில் வைத்து, இரண்டு கையாலும் அள்ளி ஊற்றினான். சாதாரணமாக அதற்குப் பிறகு துண்டை மேலோட்டமாக ஒற்றி எடுத்துவிட்டால் முடிந்தது. அவன் விடவில்லை. பாதத்தைத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டு, துண்டின் முனையை விரலில் சுற்றி, பெருவிரலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் துடைத்தான். பிறகு அடுத்த இடுக்கு. பிறகு அடுத்தது. அவன் தலை குனிந்திருந்தது. வழுக்கையில், எப்போதோ கூரைக்கல் உரசி உள்ளே தங்கிப்போன கரி நீலமாகத் தெரிந்தது. வரிசையில் மற்றவர்கள் முடித்துவிட்டுக் காத்திருந்தார்கள். அவன் கடைசியாகச் சுண்டுவிரலை மெதுவாக விலக்கி, அந்த இடுக்கைத் துடைத்தான், துடைத்த இடத்தையே இன்னொரு தரம் துடைத்தான்.

ஓனா ஒரு மத்தியானத்தில் சொல்லி அனுப்பியது அப்போதுதான் எனக்கு வந்து சேர்ந்தது.

“அந்தக் காலையும் குடு” என்றான்.

கொடுத்தேன்.